கல் இறங்கிய குன்று

தெற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு வடக்கே, சுமார் மூன்று கிலோமீட்டரில், புல் போர்த்த ஒரு குன்று. ஓல்டு சாரம் என்று பெயர். ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு மண்கரைகள். வெளிக்கரை இரும்புக்கால மக்கள் எழுப்பியது. உள்ளே 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் கோட்டை கட்டினார்கள். அகழியில் தண்ணீர் இல்லை. சரிவில் புல் பெயர்ந்த இடங்களில் சுண்ணாம்பு மண் வெள்ளையாகத் தெரிகிறது.

மரப்பாலத்தில் ஒரு சிறுவன் அப்பா அம்மாவை முந்திக்கொண்டு ஓடி வருகிறான். உள்ளே வந்ததும் நின்றுவிடுகிறான். நாலாபுறமும் பார்க்கிறான். கொடி இல்லை, கோபுரம் இல்லை, மொட்டைச் சுவர்கள்தான். 1086இல் முதலாம் வில்லியம் நாட்டின் பெருநிலக்கிழார்களை வரவழைத்து விசுவாசப் பிரமாணம் வாங்கிய இடம் இது.

சுவர் அருகே போனால் அது மொட்டையான காரணம் புரிகிறது. சாந்துக்குள் சக்கிமுக்கிக் கற்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. உடைந்த முகங்கள் கருநீலமாக மின்னுகின்றன. சுவரின் உள்நிரப்பு இது. மேலே போர்த்தியிருந்த செதுக்கிய கற்களைப் பெரும்பாலும் உரித்தெடுத்துவிட்டார்கள்.

வடமேற்கு மூலையில் பழைய பேராலயத்தின் அடித்தளம் புல்லில் கோடிட்டுக் கிடக்கிறது. 1092இல் அர்ச்சிப்பு நடந்து ஐந்தாம் நாளே புயல் அதைச் சிதைத்தது. பிறகு பெரிதாக எடுத்துக் கட்டினார்கள். ஆனாலும் மேலே தண்ணீர்த் தட்டுப்பாடு, ஓயாத காற்று, கோட்டைக் காவலர்களோடு குருமார்களுக்குத் தீராத தகராறு. 1220இல் கீழே ஆற்றோரப் புல்வெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நட்டார்கள். சனங்களும் பின்னாலேயே இறங்கினார்கள். 1331இல் மன்னர் அனுமதியோடு பழைய ஆலயத்தின் கற்களும் இறங்கின. புதிய ஆலய வளாகத்தின் மதிலில் நார்மானியச் சிற்ப வேலையுள்ள கற்களை இன்றும் பார்க்கலாம். 1514இல் எட்டாம் ஹென்றி கோட்டையின் கற்களையும் எடுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை கொடுத்தார்.

ஆள் போனது, ஆலயம் போனது, கோட்டை போனது. ஓட்டு மட்டும் போகவில்லை. வெறும் புல்மேடு நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. நிலம் யார் கையில் இருந்ததோ, தொகுதியும் அவர் கையில். 1691இல் இதை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். பின்னாளில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து, கோல்கொண்டா வைரம் ஒன்றை வாங்கி விற்றுப் பெரும் பணம் பார்த்த அதே பிட். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் இந்தத் தொகுதியின் உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், பிறகு பிரதமரானார். மான்செஸ்டருக்கோ, ஆலைத் தொழிலாளர்கள் நிரம்பி வழிந்த காலத்திலும் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

சிறுவன் இப்போது கரைமேல் ஏறி நிற்கிறான். தெற்கே, பள்ளத்தாக்கில், 123 மீட்டர் உயரச் சாலிஸ்பரி ஊசிக்கோபுரம். அப்பா கைநீட்டிக் காட்டுகிறார்.

கோட்டை இடிந்ததற்காக இங்கே வருத்தப்பட ஒன்றுமில்லை. மனிதர் வாழப் போன இடத்துக்கு அவர்கள் கல்லும் போயிற்று, அது நியாயம். அவர்களோடு போகாமல் மேட்டிலேயே தங்கிவிட்ட அதிகாரம்தான் அநியாயம். சனங்கள் இருக்கும் இடமே ஊர் என்பதைக் கல் சுமந்த கூலியாட்கள் எப்போதோ நடந்து காட்டிவிட்டார்கள். அதைச் சட்டம் ஒப்புக்கொண்டு இந்தத் தொகுதியை ஒழிக்க 1832 வரை ஆயிற்று.