மொட்டைத் தலைக்கும் ஆங்கில இலக்கணத்துக்கும் ஒரு முடிச்சு

அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்க வருகிறவர்கள் வருசம் முழுக்க உண்டு. ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சன்னதியில் சிலை கிடையாது, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, குழந்தைக்கு முதல் மொட்டை, காதுகுத்து, கிடா வெட்டு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை வேனில் போனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அதனால்தான் திங்கட்கிழமை காலையில் மதுரைக் கல்லூரிகளில் அங்கங்கே ஒரு புது மொட்டை, சந்தன வாசத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அந்த மொட்டை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பையனாகவும், முதல் பீரியட் ஆங்கிலமாகவும் அமைந்துவிட்டால் போச்சு. "வாட் ஹேப்பண்ட் டு யுவர் ஹேர்?" என்று கேள்வி வரும். பையன் எழுந்து நின்று யோசிப்பான். தலையில் இருந்தது ஒன்றா, இரண்டா? ஒன்றுக்கு மேல் போனால் 'ஸ்' போடணும் என்று ஆறாம் வகுப்பிலேயே அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். தைரியமாக, "ஐ கட் மை ஹேர்ஸ் இன் டெம்பிள்" என்பான். பின் பெஞ்ச் கொல்லென்று சிரிக்கும். அந்த செமஸ்டர் முழுக்க அவன் அப்புறம் ஆங்கிலத்தில் வாயைத் திறக்க மாட்டான். கேம்பஸ் இண்டர்வியூ வரும்போது குரூப் டிஸ்கஷனில் பாயிண்ட் தெரிந்தும் பேசாமல் எழுந்து வருவான். ஒரு 'ஸ்' செய்கிற வேலை இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன் ஆங்கில இலக்கணத்தை மறந்துவிட்டுத் தமிழிலேயே யோசித்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான். "தலைமுடி கொட்டுது" என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். "தலைமுடிகள் கொட்டுகின்றன" என்று எந்த அம்மாவும் புலம்பியதாகத் தெரியவில்லை :-) அரிசி மாதிரிதான் இது. மூட்டை நிறைய இருந்தாலும் அரிசி, அரிசிதான். ஆங்கிலத்திலும் தலையில் இருப்பது மொத்தமாக 'ஹேர்'. "மை ஹேர் இஸ் வெட்" சரி. "மை ஹேர்ஸ் ஆர் வெட்" என்றால் பாடப்புத்தகத்துக்குப் பயந்து பேசுகிற மாதிரி இருக்கும். தமிழ் காதுக்குத் தானாக வருவதை, 'நிறைய என்றால் ஸ்' என்கிற அரைகுறை விதி வந்து கெடுத்துவிடுகிறது.

ஆனால் 'ஹேர்ஸ்' என்ற சொல்லே கிடையாது என்று சில பேர் அடித்துவிடுவார்கள், அதுவும் தப்பு. எண்ணிக்கை வந்தால் 'ஸ்' வரும். சராசரித் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது, ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்த 100 'ஹண்ட்ரட் ஹேர்ஸ்'தான். கண்ணாடியில் இரண்டு நரைமுடி தெரிந்தால் 'டூ கிரே ஹேர்ஸ்'. 1611-ல் வந்த ஆங்கில பைபிளில், மத்தேயு நூலில், தலையில் உள்ள முடியை எண்ணுகிற பேச்சு வரும் இடத்தில் பன்மைதான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று என்றால் 'எ ஹேர்'. இந்த 'எ' ரொம்ப ஆபத்தானது. "ஷி ஹேஸ் எ லாங் ஹேர்" என்றால் அந்தப் பெண்ணுக்கு நீளமாக ஒரே ஒரு முடி இருக்கிறது என்று அர்த்தம். பாவம். அழகர்கோவில் பிரசாதத் தோசை, மிளகும் சீரகமும் போட்டு நெய்யில் தடியாக வரும், பேர் போனது. அதில் ஒரு முடி கிடந்தால் "தேர் இஸ் எ ஹேர் இன் மை தோசை". 'எ' இல்லாமல் "தேர் இஸ் ஹேர்" என்று சொன்னால், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற விசயமாகத் தோன்றாது. யாரோ தட்டில் மொட்டை போட்ட மாதிரி இருக்கும்!

முடி டன் கணக்கில் போகிற இடத்திலும் இதே கதைதான். திருமலையில் சேர்கிற காணிக்கை முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விடுகிறது. அது விக் செய்யப் பல நாடுகளுக்குப் போகிறது. சர்வதேச சுங்கப் பட்டியலில் 0501 என்ற எண்ணுக்கு நேராக இருப்பது 'ஹியூமன் ஹேர்'. கப்பல் நிறையப் போனாலும் ஒருமை. இதில் பெரிய தர்க்கம் எதையும் தேட வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் தலைமுடியைப் பன்மையில்தான் சொல்வார்கள், அதாவது மதுரைப் பையன் செய்தது பாரிஸில் தப்பே இல்லை. சிரித்த பின் பெஞ்சுக்கு இது தெரியாது.

(தமிழிலும் இந்தச் சங்கடம் வேறு மாதிரி உண்டு. வள்ளுவர் மானம் என்ற அதிகாரத்தில் இரண்டு குறளில் 'மயிர்' என்றே எழுதியிருக்கிறார். இன்றைக்கு அதே சொல்லை வகுப்பில் சொன்னால் வெளியே நிற்க வேண்டியதுதான்.)

பையன் சொன்ன வாக்கியத்தில் 'ஸ்'ஸை எடுத்துவிட்டாலும் இன்னொரு கோளாறு பாக்கி இருக்கிறது. "ஐ கட் மை ஹேர்" என்றால் தானே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டான் என்றும் பொருள்படும். வெட்டியவர் வேறு ஆள் என்றால் "ஐ ஹேட் மை ஹேர் கட்". தமிழில் 'வெட்டிக்கொண்டேன்' என்பதில் அந்த 'கொண்டேன்' செய்கிற வேலையை அங்கே 'ஹேட்' செய்கிறது. மொட்டைக்கு அதுவும் பொருந்தாது. ஆங்கிலத்தில் மழிக்கப்படுவது முடி இல்லை, தலை. "ஐ ஹேட் மை ஹெட் ஷேவ்ட் அட் தி டெம்பிள்." நேர்த்திக்கடன் என்று காரணமும் சொல்ல வேண்டுமென்றால் 'வவ்' என்று ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது.

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். ஆடியில் இறக்கியவனுக்குத் தீபாவளி வாக்கில் சீப்பு தேவைப்பட ஆரம்பித்துவிடும். அப்போது யாராவது விசாரித்தால் "இட் ஹேஸ் குரோன் பேக்" என்றால் போதும். 'இட்'தான், 'தே' இல்லை.