பத்துப் பேர் படகு



கடந்த சனிக்கிழமை மாலை நம் ஆலயக் கூடத்தில் ஒரு சிறு வகுப்பு நடைபெற்றது. வரும் வாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுண்ணாம்பாற்றுக்குப் படகுப் பயணம் அழைத்துச் செல்லவிருக்கிறோம் அல்லவா? அதன்பொருட்டு வம்பாகீரப்பாளையத்திலிருந்து ஒரு மீனவச் சகோதரரும் அவருடைய தமக்கை மகளும் வந்திருந்தனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த 61 நாள்களில் வலை பழுது பார்க்கும் நேரம் போக, அழைக்கும் இடங்களுக்குச் சென்று அவர் கற்றுக்கொடுக்கிறார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். கூலியும் பெறுவதில்லை, தேநீர் மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் கற்பித்தவை எளியவை. ஒருவர் பின் ஒருவராகத்தான் படகில் ஏறவேண்டும். ஏறியபின் எழுந்து நிற்கலாகாது. படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகையே பற்றிக்கொள்ளவேண்டும். நீரில் ஒருவன் தத்தளித்தால் அவன்மேல் இரக்கப்பட்டுக் குதிக்கலாகாது. மூடியை இறுக்கிய காலிக் கேனையோ கயிற்றையோ எறியவேண்டும். அந்தப் பெண் ஒரு சிறுமிக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துக் காட்டினாள். அங்கி காதுவரை ஏறிற்று. “இது இவளுக்கு ஆகாது, தண்ணீரில் இவள் கீழே போவாள், அங்கி மேலே மிதக்கும்” என்றாள். கூடத்தில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, “முதல்ல ஐயா போட்டுக் காட்டட்டும்” என்றார். என் கை சற்றுத் தயங்கியது. அதன் காரணத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2010ஆம் ஆண்டு, நான் வேறோர் ஊரில் ஊழியம் செய்த நாள்களில், வாலிபர் கூட்டத்தாரை ஓர் உப்பங்கழிக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் பதினான்கு பேர். “பத்துப் பேருக்கு மேலே ஏத்த முடியாதுங்க ஐயா” என்றார் படகோட்டி. “ஜெபித்துவிட்டுத்தான் ஏறுகிறோம், கர்த்தர் காப்பார்” என்றேன் நான். என் வெள்ளை அங்கிக்கு மதிப்புக் கொடுத்து அவர் இணங்கினார். அவர் தந்த உயிர்காப்பு அங்கியை நான் அணியவில்லை. ஈரப் பலகைமேல் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். நடுவழியில் ஒரு நாரைக் கூட்டத்தைப் பார்க்கப் பையன்கள் ஒரே பக்கம் சாய, நீர் உள்ளே புகுந்தது. நீந்தத் தெரியாத ஒருவன் என் முழங்கையைப் பற்றிய பிடி இன்னும் நினைவிருக்கிறது. படகோட்டியின் அதட்டலால் உட்கார்ந்தோம், பிழைத்தோம். கரையேறியதும் நான் ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். அவரோ ஒன்றும் பேசாமல் ஒரு குவளையால் படகின் நீரை இறைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2011 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளில், பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அது மீன்பிடிப் படகு. அளவுக்கு மீறிய ஆள்கள். உயிர்காப்பு அங்கிகள் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். எச்சரிக்கும் பவுலின் இடத்தில் நின்றே எப்போதும் பேசியிருக்கிறேன். உண்மையில் அன்று எச்சரித்தவர் அந்தப் படகோட்டி. கேளாமற்போன கப்பல் எஜமானின் இடத்தில் இருந்தவன் நான். அந்தக் கப்பலில் இருந்த 276 பேரும் தப்பினார்கள். கர்த்தர் முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார். ஆயினும் நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கவும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொள்ளவும் கட்டளை கொடுக்கப்பட்டது. இறையியல் கல்லூரியில் இந்தப் பயணத்தை நிலப்படம் வைத்துப் படித்தோம். பலகைகளைப்பற்றி எங்களில் ஒருவரும் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

நமக்கு அருகிலுள்ள நல்லவாட்டை எண்ணிப்பாருங்கள். 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தைக்கூட ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். கடல் வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோயிற்று. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். கடலைப்பற்றி நாள்தோறும் பேசிவந்த ஒலிபெருக்கி அது. ஆகையால் அன்று அது பேசியபோது எவரும் தர்க்கம் செய்துகொண்டிருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை நான் அங்கியை மாட்டிக்கொண்டேன். கொக்கிகள் மூன்றில் இரண்டை மட்டும் பூட்டினேன். ஒரு சிறுவன் சுட்டிக்காட்ட, பிள்ளைகள் சிரித்தார்கள். மீனவச் சகோதரர் மூன்றாவதைத் தம் கையாலேயே பூட்டிவிட்டார்.

பெற்றோர் தங்கள் பிள்ளையின் எடையைத் தாளில் எழுதி இந்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் செயலரிடம் கொடுக்கவும். அங்கியின் அளவை அதைக்கொண்டே முடிவு செய்வோம். பெயர் கொடுத்தவர்கள் 37 பேர். ஒரு நடைக்கு எத்தனை பேர் என்பதைப் படகோட்டி சொல்வார். மற்றவர்கள் கரையில் என்னோடு காத்திருக்கலாம், சுண்டல் கொண்டுவருகிறோம்.