இரண்டு சட்டங்கள்

தமிழில் ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அரசு இயற்றுவதும் சட்டம். கதவையும் சன்னலையும் சுற்றி நின்று தாங்குவதும் சட்டம். இவ்விரண்டும் ஏன் ஒரே சொல்லில் அடங்கின என்பதைக் குருமடத்தில் நாம் கற்கவில்லை. கிளென்மார்கனில், தகரக் கூரையிட்ட ஒரு பட்டறையில், கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒருவரிடமே கற்றுக்கொண்டோம்.

உதகையிலிருந்து பைக்காரா செல்லும் வழியில் பிரிந்து, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து சென்றால் கிளென்மார்கன் வரும். 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா மின்திட்டத்தோடு பிணைந்த ஊர் இது. இங்கிருந்து சிங்காரா நோக்கிச் சரிவில் இறங்கும் மின்வாரியத்தின் விஞ்சுப் பாதையைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். மழையும் மூடுபனியும் விலகாத இவ்விடத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு.

நாம் சொல்லும் அன்பர் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அவருடைய தந்தை தோட்டத்தில் ஓட்டுநராக இருந்தவர். ஊர் திரும்பிய ஆங்கிலேயத் துரை ஒருவரிடமிருந்து கூரை மடக்கும் பழைய டிரையம்ப் ஹெரால்ட் கார் ஒன்றை வாங்கியிருந்தார். தந்தை மறைந்தபின் கார் பல்லாண்டு கொட்டகையில் கிடந்தது. “ஒரு தடவை அதுல ஏறிக் கோயிலுக்குப் போகணும்” என்று முதிய தாய் சொன்ன ஒரு சொல்தான் மகனை அதன் அருகே இழுத்துச் சென்றது.

ஹெரால்ட் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1960-களில் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதே காரை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்ட்’ என்ற பெயரில் தயாரித்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூரக்கூடும். அக்காலத்திலேயே பல கார்களில் உடலும் சட்டமும் ஒன்றாய் இணைந்துவிட்டிருந்தன. ஹெரால்டிலோ பட்டறையில் சேசிஸ் என்று சொல்லப்படும் சட்டம் தனியே நிற்கும்; உடல் துண்டு துண்டாக அதன்மேல் முடுக்கப்பட்டிருக்கும். உடற்பகுதிகளைச் செய்து தந்துவந்த நிறுவனம் 1953-இல் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், சிறு பகுதிகளாகச் செய்து பூட்டும் வழியை அவர்கள் தேட நேர்ந்தது. இடுக்கணிலிருந்து ஒரு நன்மை பிறந்தது: பாரத்தைச் சட்டமே சுமப்பதால், கூரையை நீக்கினாலும் கார் வளையாது. உடலே பாரம் சுமக்கும் காரில் கூரையை அறுத்தால் நடு வளைந்து கதவு பூட்டாது.

அந்தச் சட்டத்தைத்தான் நீலகிரியின் ஈரம் தின்றிருந்தது. நடுவிலுள்ள இரு நெடுந்தண்டுகள் ஓரளவு தேறின. விலாவெலும்புகள் போலப் பக்கவாட்டில் நீளும் கைகளோ சுத்தியலால் தட்டினால் உதிர்ந்தன. எனவே புதிய சட்டம் ஒன்றைத் தாமே செய்யத் துணிந்தார் நம் அன்பர். பழைய ஜிப்சி ஒன்றின் எஞ்சின், ஐந்து கியர்ப்பெட்டி, பின் அச்சு, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் எல்லாம் அதில் அமரவேண்டும் என்பது திட்டம். இதற்குக் காரணமும் இருந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்நோக்கி மடங்கும் குணமுடையவை. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலையில் தாயை ஏற்றிச்செல்லும் மகனுக்கு அது சிறிய கவலை அன்று.

அவர் வேலை செய்வதைப் பல மாலைகளில் அமர்ந்து பார்த்திருக்கிறோம். நீர்மட்டம் வைத்துச் சமன்செய்த மேடையில் சதுர இரும்புக் குழாய்களை அடுக்குவார். மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடிப்பார். இரு அளவும் ஒத்துவராவிட்டால் சட்டம் கோணல். முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பு, மீண்டும் அளவு, அதன்பின்தான் முழுப் பற்றவைப்பு. அதையும் ஒரே பக்கமாகச் செய்யாமல் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிச் செய்வார். “சூடு இரும்பை இழுக்கும், சாமி. ஒரே பக்கம் காட்டினா அந்தப் பக்கமே போயிடும்” என்றார். ஆன்ம வழிகாட்டுதலுக்கும் பொருந்தும் சொல் என்று எண்ணிக்கொண்டோம்.

சட்டம் முடிந்தபோதுதான் மற்றச் சட்டம் குறுக்கே வந்தது. வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி அதனை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஐம்பது ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களைப் பதிவுசெய்ய 2021-இல் மைய அரசு தனி விதி தந்தது. ஆனால் சட்டமோ, உடலோ, எஞ்சினோ மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை.

தரகர் ஒருவர் எளிய வழி சொன்னார். எண் பொறித்த தகடு எஞ்சினுக்குப் பின்னுள்ள சுவரில், உடலோடுதான் இருக்கிறது. ஆய்வு நாளுக்கு மட்டும் பழைய எஞ்சினை ஏற்றிவிட்டால் போதும். அடியில் குனிந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

நம் அன்பர் நம்மிடம் வந்தார். நாமோ நம் கல்வியைக் காட்டினோம். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று கேட்ட புளூட்டார்க்கைச் சொன்னோம். பொருள் மாறினும் வடிவம் நிலைத்தால் தன்மை நிலைக்கும் என்று, புனித தோமா அக்குவினாரை அவர் சொல்லாத இடத்துக்கும் இழுத்துச் சென்றோம். “உம் தந்தையின் கார்தான் இது, தம்பி, மனத்தில் குழப்பம் வேண்டாம்” என்று முடித்தோம். அந்தத் தாயின் ஆசையும் நம் நாவை இளக்கியிருந்தது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அதே கார்தான்னா எதுக்கு சாமி மறைக்கணும்?” என்றார்.

அன்றிரவு இந்தக் கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. உயிர்த்த ஆண்டவரின் மாட்சிமிகு உடல் ஆணித் தழும்புகளை மறைக்கவில்லையே! புதுப்பிக்கப்பட்டது தன் காயங்களைக் காட்டியதால்தான் தோமையார் அவரை அவரென்று அறிந்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தலைப் பற்றிக் கூறியபோதும் இரண்டையும் சேர்த்தே கேட்டது: ஊற்றுக்குத் திரும்புதல், காலத்துக்கேற்பத் தகவமைதல். எது பழையது, எது புதியது என்பதை ஒளிக்காதவரே இரண்டையும் செய்யமுடியும். நாமோ ஒரு நல்ல மனிதரின் மனச்சான்றுக்குக் கூரிய வாதத்தால் வாய்ப்பூட்டுப் போட முயன்றிருந்தோம்.

மறுநாள் பட்டறைக்குச் சென்று, “நேற்று நாம் சொன்னது தவறு” என்றோம். பங்கு மக்கள் ஒருவரிடம் குரு சொல்வதற்குக் கடினமான சொற்கள் அவை. அவர் புன்னகைத்து, தாம் ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையைக் காட்டினார்.

புதிய சட்டம் மேடையில் இறுகப் பூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் பழைய சட்டம்! உடலைப் பூட்டும் துளைகள் யாவும் புதியதில் நூல் பிசகாமல் அமைந்திருந்தன அல்லவா? அவற்றையே அச்சாகக் கொண்டு பழையதை நிமிர்த்திக்கொண்டிருந்தார். துருப்பிடித்த கைகளை மட்டும் அறுத்து, அதே அளவில் புதிய இரும்பை இட்டார். ஜிப்சி எஞ்சின் மூலைக்குப் போயிற்று. பழைய 948 சிசி எஞ்சின் பிரிக்கப்பட்டு மேசைமேல் கிடந்தது. எவை புதிய இரும்பு என்று ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருந்தார். அதை அதிகாரியிடம் கொடுக்கப் போகிறாராம். அவர் ஏற்கலாம், மறுக்கலாம்.

“மறுத்துட்டா?” என்றோம்.

“கொட்டகையிலேயே நிக்கட்டும் சாமி. பொய் சொல்லி அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியுமா?”

இதை எழுதும் நாள்வரை கார் சாலைக்கு வரவில்லை. சென்ற வாரம் அந்தத் தாயை அதில் அமர்த்தியிருந்தார்கள். கூரை மடக்கப்பட்டிருந்தது, பட்டறையின் திறந்த கதவு வழியே மூடுபனி உள்ளே வந்தது. அம்மா கையில் செபமாலையோடு முன்னிருக்கையில் இருந்தார். “இறங்குங்கம்மா, குளிருது” என்றார் மகன். “கொஞ்சம் இருப்பா” என்றார் தாய்.

கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தோம். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தது. வெளியே தெரியாத சட்டம் நேராக இருந்தால், வெளியே தெரியும் கதவு தானாகவே பூட்டிக்கொள்கிறது.