இரண்டு விரற்கடை

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே, நடுவில் ஒரு மணிக்கூண்டை வைத்துக்கொண்டு பரந்து கிடக்கும் அங்காடிக்கு, 1963-இல் இந்தப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்ற எதுவார் குபேரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஊரார் வாயில் அது என்றும் பெரிய மார்க்கெட்தான். ஆயினும் ஒரு பிரெஞ்சுப் பெயர் தமிழ் நாவில் புரண்டு, செல்வத்துக்கு அதிபதியான தேவனின் பெயரோடு ஒன்றாகி, கடைவீதி ஒன்றின் தலையில் வந்து அமர்ந்த விநோதத்தை நினைத்து நான் பலமுறை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நான் அங்கே அடிக்கடி போய்வந்தது மீன் வாங்குவதற்காக அல்ல. என் சிநேகிதர் ஒருவரின் பேத்தி வடக்கே ஒரு கல்லூரியில் பொருள் வடிவமைப்பு படிக்கிறாள். மேஜை விளக்கு, மடக்கு நாற்காலி, குழந்தைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் என்று மூன்றாண்டுகளில் அவள் செய்து முடித்தவை யாவும் அழகாகவே இருந்தன. ஆனால் அவற்றை எடுத்து உபயோகித்தவர்கள் செய்தவளும் மதிப்பெண் இட்ட ஆசிரியரும் மாத்திரமே. கடைசி ஆண்டில், முன்பின் அறியாத ஒருவருடைய தொழிலுக்கு ஏற்ற பொருளொன்றை, எண்ணத்தில் தொடங்கிக் கையில் பிடிக்கும் மாதிரி வரையில் கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்களாம். மீன் அறுக்கும் பெண்களைத் தேர்ந்துகொண்டாள். "தாத்தா, அவங்க முழங்கால் என்ன ஆகும்னு யாராவது யோசிச்சிருக்காங்களா?" என்று அவள் கேட்டபோது, ஐம்பது வருஷமாக அந்த மீனைத் தின்றுவரும் நான் பதில் சொல்ல வகையறியாமல் அவளோடு புறப்பட்டேன்.

அவளுடைய முதற் சித்திரத்தில் இடுப்பளவு உயரமான எவர்சில்வர் மேஜை ஒன்று நின்றது. மேலே குழாய், கீழே கழிவு நீர் போகும் தாரை, நடுவே பதித்த அரிவாள். கணினித் திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். எனக்கும் அது பிரமாதமாகவே பட்டது.

சந்தையில் அவள் அளவுநாடாவை விரித்தவுடனே பேச்சு நின்றுவிட்டது. "இன்னா பாப்பா அளக்கிற? இடிக்கப் போறாங்களா?" என்று ஒரு மூதாட்டி கேட்டாள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இந்த அங்காடியை இடித்துக் கட்டும் யோசனை எழுந்து, வியாபாரிகள் எதிர்த்து நின்ற காலத்துக்குப் பிறகு, நாடா பிடித்து வருகிற எவரும் அங்கே சர்க்கார் மனிதரே. நாடாவைப் பைக்குள் போட்டுவிட்டு, நாலைந்து காலைப்பொழுதுகள் ஓர் ஓரமாக நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்கத் தகுந்த காட்சிதான் அது. ஒரு காலை மடித்து, மற்றொரு காலின் பாதத்தை மணையின்மேல் அழுத்தி, குத்துக்காலும் சம்மணமும் அல்லாத ஓர் ஆசனத்தில் அமர்ந்து, நழுவும் சங்கராவைச் சாம்பலில் ஒருமுறை புரட்டி எடுத்து, செட்டையை நறுக்கி, செவுளைப் பிடுங்கி, குடலை ஒரே இழுப்பில் வெளியே போட்டு, வாடிக்கையாளர் பணத்தைத் தேடி எடுப்பதற்குள் துண்டங்களைப் பையில் இட்டுவிடுகிறார்கள். கத்தியைக் கையில் பிடித்து அறுப்பவனுக்கு ஒரு கை கத்திக்கே போய்விடும். அரிவாள்மணையிலோ கத்தி அசையாமல் நிற்க, பொருள்தான் அதனிடம் போகிறது, ஆகையால் இரண்டு கைகளும் மீனுக்கே மிஞ்சுகின்றன. வங்காளிகளும் மராட்டியரும் இதே கருவியை வேறு பெயர்களில் வைத்திருக்கிறார்கள். கத்தியை அசையாமல் நிறுத்துகிற விசை எது என்றால், அந்தப் பாதம். இதை உணர எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பழையதெல்லாம் பொன் என்று சொல்பவர்கள், ஈரத் தரையில் ஒரு காலைப்பொழுது மட்டும் அப்படி அமர்ந்து எழுந்து பார்க்கட்டும். தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மூதாட்டி எழுந்திருப்பதைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை என் வாயில் வராது.

ஆனால் அவர்களையே கேட்டால் கஷ்டம் ஒன்றும் இல்லை என்றார்கள். "பழகிப்போச்சு கண்ணு" என்பதற்குமேல் எத்தனை விதமாகக் கேட்டும் பதில் பெயரவில்லை. அட்டையில் செய்த முதல் மாதிரியைக் கொண்டுபோய் வைத்த அன்றுதான் வாய் திறந்தது. அது நின்றது கால் மணி நேரம். தரையில் ஓடிய நீரை உறிஞ்சிக்கொண்டு பிறகு முழந்தாளிட்டு விழுந்தது. அதற்குள், இது உயரம், அது முனை, சாம்பல் எங்கே வைப்பது, சில்லறை எங்கே வைப்பது என்று எட்டுப் பெண்கள் எட்டு அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள். கேள்வியை வார்த்தையாகக் கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுகிற மனிதர்கள், அதையே ஒரு பொருளாகச் செய்து முன்னால் வைத்தால் தம்மை அறியாமல் கையை நீட்டித் திருத்தத் தொடங்குகிறார்கள். மாதிரி செய்வதன் பயன் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த நனைந்த அட்டையில்தான்.

அடுத்ததை மரத்திலும் இரும்பிலும் செய்ய வில்லியனூர்ப் பக்கம் ஒரு கொல்லரிடம் போனோம். பழைய லாரியின் வில்பட்டையை உலையில் இட்டு, துருத்திக் காற்றில் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அரிவாளாக்குகிறவர் அவர். தோய்ச்சல் போடும்போது மாத்திரம் யாரோடும் பேசுவதில்லை. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் அளந்து, நீரில் விளிம்பைத் தொட்டு எடுக்கும் அந்தக் கணம் தவறினால் ஒன்று வாய் மழுங்கும், அல்லது எலும்பில் பட்டுத் தெறிக்கும். பேத்தி நீட்டிய அச்சிட்ட வரைபடத்தை அவர் மரியாதையாக வாங்கிப் பலகைமேல் வைத்துவிட்டு, தரையில் ஒரு கரித்துண்டால் முழு அளவில் ஒரு வளைவை இழுத்தார். "சின்னதா எழுதினா எனக்குப் புரியாதும்மா. இந்த வயிறு இன்னும் கொஞ்சம் முன்னால வரணும், அப்பதான் மீன் தானா வந்து விழும்."

முழு அளவில் செய்து பார்க்கும் வழக்கத்துக்கு இதே ஊரில் ஒரு பெரிய திருஷ்டாந்தம் உண்டு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, அரவிந்தாசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியை 1930-களின் கடைசியில் எழுப்பத் தொடங்கியபோது, பிற்காலத்தில் மரச்சாமான் சிற்பியாகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா அங்கே இருந்து வேலை பார்த்தார். அறை ஒன்றை முழு அளவில் மாதிரியாகக் கட்டிச் சோதித்த பிறகே மேலே சென்றார்கள். கதவுகளுக்கு வேண்டிய பித்தளைக் கீல்களையும் கைப்பிடிகளையும் பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். நாகஷிமாவுக்கும் நம் கொல்லருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

நின்று அறுக்கும் மேஜை உருவாகி வந்தது. மூதாட்டி அதில் ஒரு வஞ்சிரத்தை அறுத்தும் காட்டினாள். பாதத்துக்குப் பதிலாகப் பூட்டிய இறுக்கி கத்தியை ஸ்திரமாகவே பிடித்தது. தோல்வி வேறு திக்கிலிருந்து வந்தது. பின் வரிசையில் அமர்ந்திருந்தவள், "நீ நின்னுக்கினா என் மீனு யாரு கண்ணுல படும்?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ஒருத்தி எழுந்தால் அவளுக்குப் பின்னால் உள்ளவள் மறைகிறாள். எல்லாரும் எழுந்தால் கூடையைக் குனிந்து பார்க்கும் வாடிக்கையாளருக்குக் கூடையே தெரிவதில்லை. ஓர் உடம்பை அளந்து வரைந்தவள் ஒரு வரிசையை அளக்க மறந்துவிட்டாள். அன்று மாலை கடற்கரையில் அவள் என்னோடு பேசவே இல்லை.

விடை அவள் பாட்டியின் அடுக்களையிலேயே கிடந்தது. தேங்காய் துருவும் மணையில் நாம் ஏறி அமர்கிறோம் அல்லவா; அமர்ந்தவரின் பாரமே துருவியை நிறுத்துகிறது. அதே உபாயத்தில், ஐந்தங்குல உயரமுள்ள சிறு ஆசனம், அதிலிருந்து முன்னே நீளும் பலகை, பலகை நுனியில் அவரவர் பழைய அரிவாள். இடுப்பு உயர்ந்ததால் முழங்கால் முழுக்க மடியவில்லை. அழுத்திப் பிடிக்கும் வேலையிலிருந்து பாதத்துக்கும் விடுதலை கிடைத்தது. தரையிலிருந்து ஐந்தங்குலம் உயர்ந்ததற்குப் பின் வரிசைக்காரியும் ஆட்சேபம் சொல்லவில்லை.

மூதாட்டி அதைத் தட்டிப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள், கவிழ்த்துக் கால்களைப் பார்த்தாள். பிறகு, "உடைஞ்சா கடையில போட்டா என்னா தேறும்?" என்றாள். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த காரணம் உண்டு. இந்திய சர்க்கார் அழைப்பில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கையின் பயனாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. வடிவமைப்பு மாணவர் எவரும் படிக்காமல் தப்ப முடியாத அந்த அறிக்கையில், நம் வீட்டுச் செம்பை எடுத்து வைத்துக்கொண்டு, தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, நிறைந்தபோதும் குறைந்தபோதும் பாரம் எப்படி நிற்கும், தட்டினால் என்ன ஓசை வரும், பழசானால் உலோகத்துக்கு மதிப்பு உண்டா என்று அவர்கள் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மீன் கூடைக்குப் பின்னால் இருந்து அதே கேள்வி வரும் என்று பாவம், அவள் எதிர்பார்க்கவில்லை.

மாதிரியை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஊருக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தபோது நாங்கள் இருவரும் மறுபடியும் போனோம். மூதாட்டி அதன்மேல்தான் அமர்ந்து கவலை மீனுக்குத் தலை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆசனம் முன்பக்கம் சற்றுச் சாய்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தோம். முன்கால்கள் இரண்டையும் யாரையோ கொண்டு இரண்டு விரற்கடை அளவு அறுத்திருந்தாள்.

"ஏன் ஆயா அறுத்தீங்க?"

"எட்டல."

பேத்தி பையிலிருந்து நாடாவை எடுத்தாள். இந்தத் தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அறுத்த காலையும் அறுக்காத காலையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு, அவள் எழுந்திருக்க முயன்றபோது கிழவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி சொன்னாள்:

"எழுதினது போதும். அரைக் கிலோ கவலை வாங்கிக்கினு போ."