நான்கு ஹென்றிகள்

கொல்கத்தாவில் நாலு மாதம் தங்கிய தமிழர் எவரும் ஒரு முறையாவது செயின்ட் பால் தேவாலயத்தை எட்டிப் பார்த்திருப்பார். 1934 பூகம்பத்தில் அதன் கோபுரம் விழுந்த கதையும் அவர் காதில் விழுந்திருக்கும். உள்ளே இருக்கும் குழல் ஆர்கனைப் பற்றி மட்டும் நம்மவர் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ கோபுரத்தைவிட அதன்மேல்தான் கண். காரணம் இதுதான்: என் தகப்பனார் ஹார்மோனியம் பழுது பார்ப்பவர், பாட்டனாருக்கும் அதே தொழில். துருத்தியும் பித்தளை ரீடும் எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு மாதிரி.

அந்த ஆர்கனைச் செய்தது வில்லிஸ் பட்டறை. 1845-இல் அதைத் தொடங்கியவர் ஹென்றி வில்லிஸ். அவர் மகன் ஹென்றி, பேரன் ஹென்றி, கொள்ளுப்பேரனும் ஹென்றி! நாம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்போம்; இவர்கள் இடையில் ஒரு தலைமுறையைக்கூட விட்டு வைக்கவில்லை.

முதல் ஹென்றி 14 வயதில் லண்டனில் ஓர் ஆர்கன் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தார். பிறகு மூன்று ஆண்டுகள் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில், ஹார்மோனியத்தில் இருப்பது போன்ற ரீடுகள் கொண்ட வாத்தியங்களைச் செய்பவரிடம் வேலை பார்த்தார். இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உலகப் பிரசித்தி பெற்ற ஆர்கன் தச்சர், அப்பாவின் ஜாதித் தொழிலில் மூன்று வருஷம் பழகியவர் என்றால் பெருமையாக இராதா?

1847-இல் குளஸ்டர் தேவாலயத்து ஆர்கனைப் புதுப்பித்துக் கொடுத்து 400 பவுன் வாங்கினார். அந்தத் தைரியத்தில் கல்யாணமும் செய்துகொண்டார். 1851-இல் லண்டன் மகா கண்காட்சிக்கு 70 வகை ஓசை தரும் ஆர்கன் ஒன்றை வைத்தார். வாசித்துக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தி ஓசை வகைகளை மாற்றும் பொத்தான் அதில் இருந்தது. அந்த ஆர்கனின் பெரும்பகுதி பின்னால் வின்செஸ்டர் தேவாலயத்துக்குப் போயிற்று. 1855-இல் லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் மண்டபம், 1871-இல் ஆல்பர்ட் மண்டபம் என்று பிறகு அவருக்கு ஓய்வே இல்லை.

ஆர்கனில் இரண்டு விதக் குழல்கள் உண்டு. ஒன்று நம் புல்லாங்குழலைப் போல வாயில் காற்று மோதிப் பாடும். மற்றது நாக்குக் குழல். ஹார்மோனிய ரீடு தன் துளைக்குள் தாராளமாக ஊசலாடும். ஆர்கன் நாக்கோ அடியிலுள்ள பித்தளைத் துண்டின்மேல் அடித்து அடித்துத் துடிக்கும். அதனால்தான் அந்தக் கம்பீரம். நாக்கைச் சற்றே வளைக்க வேண்டும். வளைவு கொஞ்சம் கூடினால் குழல் பேசத் தாமதிக்கும். குறைந்தால் ஓசை மெலியும். இந்த வளைவில்தான் வில்லிஸ் பட்டறை பெயர் வாங்கியது. கீழ் ஸ்வரங்களின் நாக்கு நுனியில் அவர்கள் பித்தளை எடை வைத்துத் திருகினார்கள். அப்பா மந்தர ஸ்தாயி ரீடுகளின் நுனியில் ஈயப்பொட்டு வைப்பாரே, அதே நியாயம்தான்! ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே நான் அறிவேன். அரம் எத்தனை இழுப்பு என்பது மட்டும் அப்பாவின் மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.

1901-இல் பெரியவர் மறைந்தார். லிவர்பூல் தேவாலயத்தில் 10,000-க்கும் மேற்பட்ட குழல்களோடு 1926-இல் ஒலித்த ஆர்கன் பேரனுடைய கைங்கரியம். 1941-இல் ஜெர்மானியக் குண்டு லண்டன் பட்டறையை அழித்தது. அப்போதும் தொழில் நிற்கவில்லை. 1997-இல் நான்காம் ஹென்றி ஓய்வு பெற்றார். ஐந்தாவது ஹென்றி வரவில்லை. ஆனால் பட்டறை மூடப்படவில்லை. குடும்பத்துக்கு வெளியே இருந்தவர் ஏற்று, பழைய பெயரிலேயே நடத்தினார்.

எனக்கு இது வெறும் சரித்திரமாக இல்லை. நான் படிப்பது உலோகவியல். தங்கைக்கு ஹார்மோனியத்தில் ஈடுபாடு கிடையாது. "உனக்கப்புறம் யாரப்பா?" என்று வாடிக்கைக்காரர்கள் அப்பாவைக் கேட்பார்கள், அவர் துருத்தியைத் தட்டிப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வார். சென்ற வாரம் போனில் இந்தக் கதையை அவருக்கு முழுக்கச் சொன்னேன். 1997-இல் குடும்பம் விலகியதையும் சொன்னேன், கொஞ்சம் தயங்கித்தான். அவர் அதைக் காதில் வாங்கினாரோ இல்லையோ!

"அது கிடக்கட்டும். அந்த நாக்கை எதை வச்சுடா வளைச்சான்?" என்றார்.

"கட்டைமேல் வச்சு, எஃகு உருளையால அழுத்தித் தேய்ச்சு வளைப்பாங்களாம், அப்பா."

"ஒரே இழுப்பா, பல இழுப்பா?"

எனக்குத் தெரியவில்லை. "லீவுக்கு வர்றப்போ ஒரு எஃகு உருளை கொண்டா, பார்த்துடலாம்" என்றார். எங்கள் கல்லூரிப் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.