நிகழ்ச்சி நிரலில் இல்லாத பெயர்

முன்னாள் மாணவர் சந்திப்புக்கு நிகழ்ச்சி நிரல் வகுப்பவர்களை ஓர் அச்சம் எப்போதும் பிடித்தாட்டும்: வந்தவர்கள் சும்மா இருந்துவிடுவார்களோ என்பது. அதனால் காலை ஏழுக்கு யோகாசனம், எட்டரைக்குப் பதிவு, பத்துக்கு இயக்குநர் உரை, பதினொன்றரைக்குத் துறைகளைச் சுற்றிப் பார்த்தல், மதிய உணவு, நன்கொடை குறித்த கலந்துரையாடல், தேநீர், கலைநிகழ்ச்சி என்று நாள் முழுவதும் கட்டம் கட்டமாக நிரப்பப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பவர்களுக்கு வேண்டியதோ ஒரு திண்ணையும் இரண்டு மணி நேரமும்தான். எந்த நிரலும் அதைத் தருவதில்லை. அவர்களாகத்தான் திருடிக்கொள்கிறார்கள்.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்டுதோறும் சனவரியில் இத்தகைய சந்திப்பு நடைபெறுகிறது. வெள்ளி விழா, பொன்விழா காணும் வகுப்பினர் திரளாக வருவார்கள். வங்காளத்தின் மெல்லிய குளிரும், ஈச்ச வெல்லம் சேர்த்த சந்தேஷும் கிடைக்கும் பருவம் அது. வருகைக்கு அதுவே பாதிக் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. 1975-ஆம் ஆண்டு வகுப்பினர் பொன்விழாவுக்கு வந்து இறங்கியபோது, முதல் சர்ச்சை ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. கரக்பூர் நடைமேடைதான் உலகிலேயே நீளமானது என்று பாடநூல்களில் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பெருமை 2013-இல் கோரக்பூருக்கும், 2023-இல் ஹூப்ளிக்கும் கைமாறிவிட்டதை வரவேற்கச் சென்ற மாணவர் ஒருவர் பணிவோடு எடுத்துரைத்தார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டை அளவு கேட்டு முன்கூட்டியே அனுப்பப்பட்ட படிவத்திலும் பலர் ஐம்பதாண்டுக்கு முந்தைய அளவையே எழுதியிருந்தார்கள் என்பது பதிவு மேசையில் தெரிய வந்தது.

அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்த ஆய்வு மாணவி. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாம் ஆண்டு. ஆய்வேடு இன்னும் முடியவில்லை. இவ்விழாக்களின் தொண்டர் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் விழும். இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு இருக்கும். ஆய்வு மாணவர்களுக்கு வேலையே இல்லை என்பது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நிலவும் நம்பிக்கை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது நினைவஞ்சலிப் படத்தொகுப்பு. நிரலில் அதற்குப் பத்து நிமிடம். மறைந்த வகுப்புத் தோழர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பெயர், துறை, தங்கியிருந்த ஹால். எழுபதைக் கடந்தவர்களின் கூட்டம், பட்டியல் நீளமானதுதான். வகுப்பின் ஏற்பாட்டுக் குழுவினர் பட்டமளிப்பு ஆண்டின் பெயர்களை வைத்து அதைத் தயாரித்து அனுப்பியிருந்தார்கள். பிழை இருந்தால் திருத்தலாம் என்று அதன் படி ஒன்று மேசையருகே ஒட்டப்பட்டிருந்தது.

மாலையில் ஒரு பெரியவர் அந்தப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தார். ஜாம்ஷெட்பூரில் உலோகவியல் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறகு மேசைக்கு வந்து, ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்றார்.

“எந்த ஆண்டு பட்டம் பெற்றார், சார்?”

“பெறவில்லை, மா.”

அந்நாளில் பி.டெக். ஐந்தாண்டுப் படிப்பு. 1970-இல் வந்து சேர்ந்த அந்த அறைத்தோழர் மூன்றாம் பருவத்தோடு போய்விட்டார். கணிதத்தில் ஒருமுறை, பொறியியல் வரைபடத்தில் இருமுறை தோல்வி. மேதினிப்பூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்; அவ்வளவு அருகிலிருந்து வந்தவருக்குத்தான் அந்த வளாகம் அவ்வளவு தொலைவாக இருந்திருக்கிறது. ஒரு குளிர்கால இரவில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கதவைச் சத்தமின்றிச் சாத்த அவர் பட்ட பாட்டைப் பெரியவர் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். என்ன சொல்வதென்று பதினெட்டு வயதில் தெரியவில்லை. தூங்குவதுபோலவே கிடந்துவிட்டார். இதை அவர் எந்த நாடகமும் இல்லாமல், விலாசம் சொல்வதைப்போல அந்தப் பெண்ணிடம் சொன்னார். 2009-இல் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்ததாம். அப்பா இறந்துவிட்டார், ஹால் குழுப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார், அதன் பின்புறம் உங்கள் பெயர் இருந்தது என்று. ஊரில் அவரைக் கரக்பூரில் படித்தவர் என்றே சொல்லியிருக்கிறார்கள். முடித்தாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஏற்பாட்டுக் குழு கேட்டது. அது கொடுமையானவர்களின் குழு அன்று. பெரியவரின் சொந்த நண்பர்கள்தாம். பட்டம் பெறாதவரை முன்னாள் மாணவர் என்று எப்படிக் கொள்வது, ஒருவரைச் சேர்த்தால் மற்றவர்களை என்ன செய்வது, இடையில் போனவர்கள் எத்தனை பேர் என்பதே நமக்குத் தெரியாதே என்றார் ஒருவர். கேள்வியில் பிழையில்லை, சிக்கலே அதுதான். எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை எந்தக் கல்விநிலையமும் விழா எடுத்துச் சொல்லும். எத்தனை பேர் தொடங்கினார்கள் என்ற எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்கும் குறைவு. ‘மறுநாள் பார்க்கலாம்’ என்று குழு கலைந்தது. மறுநாள் காலை பத்தரைக்கு நிகழ்ச்சி.

அந்த மாணவி இரவு ஆய்வகத்தில் இருந்தார். அவர் மேசைக்கு எதிர்மேசையில் முன்பு ஒருத்தி இருந்தாள். நான்காம் ஆண்டில் விலகிப் போனவள். அவள் வாங்கிவைத்த வேதிப்பொருள் புட்டிகளில் அவள் கையெழுத்து இன்னமும் இருக்கிறது. மேசை மட்டும் புதிதாக வந்தவருக்குப் போய்விட்டது. படத்தொகுப்பின் இறுதியில் மாணவி ஒரு பக்கம் சேர்த்தார். படமில்லை, துறையில்லை, ஆண்டில்லை, பெயர் மட்டும். பின்னர் குழுச் செயலருக்கு, சேர்த்திருக்கிறேன், வேண்டாமென்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன் என்று செய்தி அனுப்பினார். மறுமொழி வரவில்லை. எழுபது வயதுக்காரர்கள் பத்து மணிக்குத் தூங்கிவிடுவார்கள் என்பதை அவர் கணக்கில் வைத்திருந்தாரா என்பது வேறு விஷயம்.

காலையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவையில் இருமல் சத்தம் மட்டும். கடைசிப் பக்கம் வெறுமையான வெண்திரையில் ஒரே வரியாக நின்றது. குழுவினர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மூன்றாவது வரிசையிலிருந்து யாரோ ஒருவர், தன்னை மறந்து, உரத்த குரலில் ஒரு பட்டப்பெயரைச் சொன்னார். ‘மாஸ்டர்மோஷாய்!’ வங்காளிகள் ஆசிரியரை அழைக்கும் சொல் அது. இந்தி பேசும் நான்கைந்து பையன்களுக்கு இரவுகளில் வங்காளம் கற்பித்தவராம் அந்த மனிதர்; கணிதத்தில் தோற்றவர். இன்னும் இரண்டு மூன்று தலைகள் அசைந்தன. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒருவர் மட்டுமே சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்த பெயரை வேறு சிலரும் வைத்திருந்திருக்கிறார்கள்.

நிரலில் அடுத்தது ஹிஜ்லி. அந்தப் பழைய தடுப்பு முகாமைப் பார்க்காமல் எந்தக் கரக்பூர்ச் சந்திப்பும் நிறைவுறாது. ஆங்கிலேய அரசு அரசியல் கைதிகளை அடைத்து வைத்த கட்டடம். 1931 செப்டம்பர் 16 இரவு ஆயுதமற்ற கைதிகள்மீது காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ராவும் தாரகேஸ்வர் சென்குப்தாவும் உயிரிழந்தனர். உடல்களைப் பெற்றுச் செல்ல சுபாஷ் சந்திர போஸ் வந்தார். கல்கத்தாவில் தாகூர் பொதுக்கூட்டத்தில் கண்டனம் தெரிவித்தார். அதே கட்டடத்தில்தான் 1951-இல் 224 மாணவர்களோடும் 42 ஆசிரியர்களோடும் இந்தியாவின் முதல் தொழில்நுட்பக் கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. 1956-இல் முதல் பட்டமளிப்பு விழாவில் நேரு பேசியபோது இந்த மாற்றத்தையே சுட்டிக்காட்டினார். இப்போது அங்கே அவர் பெயரால் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. இவ்வளவுக்கும் நிரல் ஒதுக்கியது இருபத்தைந்து நிமிடம், குழுப் புகைப்படம் உட்பட.

பேருந்திலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். பெரியவரும், மாஸ்டர்மோஷாய் என்று கத்தியவரும், வேறு இருவரும் இறங்கவில்லை. ஒருவர் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தை முழங்காலில் விரித்து வைத்திருந்தார். இயந்திரவியலில் சேர்ந்து முதலாண்டிலேயே போன பஞ்சாபிப் பையன், நக்சல்பாரி அரசியலில் ஈடுபட்டுத் திரும்பி வராத ஒருவன், காசநோயால் போனவன், காரணமே தெரியாத இருவர். இருவருக்குப் பட்டப்பெயர்தான் நினைவில் இருந்தது. ஒருவனுக்கு ஹால் எது என்று ஒத்துப்போகவில்லை. அதில் குரல்கள் உயர்ந்தன. படம் எடுக்க வரச்சொல்லி அழைக்க வந்த மாணவி படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது பெயரை எழுதும்போது பேனா மை தீர்ந்துவிட்டது.

“மா, உன்னிடம் இருக்கிறதா?”

அவர் தன் பேனாவைக் கொடுத்தார். வெளியே புகைப்படக்காரர் உயரமானவர்களைப் பின்வரிசைக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.