மலையடிவாரத் தமிழகம் – 3: கம்பத்துக் கறுப்புப் பன்னீர்

சென்ற வாரம் வத்தலக்குண்டில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தேனிக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் வலப்பக்கத்துச் சன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியகுளம் வரைக்கும் கொடைக்கானல் மலை கூடவே வரும். தேனி தாண்டித் தெற்கே திரும்பிவிட்டால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மலைதான். மேற்கே ஏலமலை, அதன் முகட்டுக்கு அப்பால் கேரளம். கிழக்கே மேகமலை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு.

திராட்சை விளையும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறேன் என்று கோலாலம்பூர்ச் செந்தூலில் சொன்னபோது, "பெர்த்துக்கா?" என்றுதான் கேட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் விடுமுறைக்குப் போய் ஒயின் ருசி பார்த்து வரும் சுவான் பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது. கம்பம் என்றதும் ஒருவர், "எந்தக் கம்பம்? பத்து கேவ்ஸ் பக்கமா?" என்றார். மலாய்க்காரர்கள் கிராமத்தைச் சொல்லும் கம்பமில்லை, தேனி மாவட்டத்துக் கம்பம் என்று விளக்க வேண்டியிருந்தது.

சின்னமனூர் வரை நெல்லும் வாழையும் தென்னையும். உத்தமபாளையம் தாண்டினால் காட்சி மாறுகிறது. வரிசை வரிசையாகக் கல்தூண்கள், அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, கம்பிமேல் இலைக்கூரை. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று ஊருக்கு ஊர் இதே பந்தல்தான். படங்களில் நாம் பார்க்கும் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டத்தில் கொடிகள் வேலி போல நிற்கும். இங்கே அவை தலைக்குமேல் படர்கின்றன. வெயில் இலைக்கு, நிழல் குலைக்கு என்பது கணக்கு.

இந்தப் பச்சைக்குக் காரணம் மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய ஓர் ஆறு. மேற்கே இறங்கி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினார் ஆங்கிலப் பொறியாளர் பென்னிகுயிக். வேலை 1895இல் முடிந்தது. லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013இல் அரசு மணிமண்டபம் திறந்தது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பொங்கலோடு சேர்ந்து வருவதால் அவர் படத்தை வைத்தே பானை ஏற்றுகிறார்கள். பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்த வீடுகளும் உண்டு. ஆங்கிலேயர் பெயரிலிருந்த பிர்ச் சாலையை மகாராஜாலேலா சாலையாக்கிய நகரத்திலிருந்து போகிறவனுக்கு இது வியப்புதான். தண்ணீர் தந்தவன் கணக்கு வேறு போலிருக்கிறது.

சுருளி அருவிக்குப் போகும் சாலையில் ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பார்க்கலாமா என்று கேட்டேன். அறுபதைத் தாண்டிய தோட்டக்காரர் தலையாட்டினார். "குனிஞ்சே வாங்க தம்பி. நிமிந்தீங்கன்னா உங்க தலைக்கு ஒண்ணும் ஆகாது, என் குலை போயிரும்."

பந்தலுக்குள்ளே பச்சை வெளிச்சம், ஈரமண் வாசம். கண்ணுக்கு நேரே குலைகள். கறுப்பும் ஊதாவும் கலந்த பழங்கள்மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. பெண்கள் ஒரு கையால் குலையைத் தாங்கி, மறு கையால் காம்பைக் கத்தரிக்கிறார்கள். உடனே கூடையில் போடுவதில்லை. குலையைத் திருப்பிப் பார்த்து, வெடித்த பழத்தையும் சிவப்பிலேயே நின்றுவிட்ட பழத்தையும் கத்தரிக்கோல் நுனியால் எடுத்துவிடுகிறார்கள். ஒரே குலையில் பழங்கள் ஒன்றுபோலப் பழுக்காதது இந்த இனத்தின் பழைய குறை. பழத்தில் விரல் படக்கூடாது. பட்டால் மாவு போய்விடும், மாவு போனால் சந்தையில் பழைய சரக்கு என்பார்கள்.

"சாப்பிடுங்க" என்று ஒரு கொத்தை நீட்டினார். தோல் மெல்லியது. கடித்தால் சாறு, பிறகு விதை, அதன் பின்னால் மூக்கில் ரோஜா மணம். கற்பனையில்லை. மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளில் உள்ள ஜெரானியால் என்ற வேதிப்பொருள்தான் ரோஜா எண்ணெயிலும் மணக்கிறது. பன்னீர் திராட்சை என்று ஊர் சும்மா சொல்லவில்லை.

தாவரவியலாருக்கு இது மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது இங்கே சொல்லப்படும் வரலாறு. திராட்சை இனங்களின் வரலாற்றை எழுதியவர்களோ, இந்த இனம் இங்கிலாந்தில் ஒரு கண்ணாடி வீட்டில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உருவானது என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் பாதிரியாருக்கும் கொடிக்கும் உள்ள உறவில் எனக்குச் சந்தேகமில்லை. திருப்பலிக்கு வைக்கும் இரசம் திராட்சையிலிருந்தே வரவேண்டும் என்பது கத்தோலிக்கச் சபையின் சட்டம். செந்தூல் புனித சூசையப்பர் ஆலயத்தில் வைப்பதும் அதுதான். மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் மறைப்பணியாளர்கள் போன இடமெல்லாம் கொடியும் கூடவே போயிருக்கிறது.

குளிர்நாட்டில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் விழித்துக் காய்க்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. கம்பத்தில் பனிக்காலம் ஏது? விட்டால் கொடி வளர்ந்துகொண்டே போகும், இலைதான் மிஞ்சும். அதனால் கவாத்து. கிளைகளை வெட்டி, இலையை உருவி, கொடியை மொட்டையாக்கிவிடுகிறார்கள். குளிர் செய்யவேண்டிய வேலையைக் கத்தி செய்கிறது. அதிர்ந்துபோன கொடி புதுத்தளிர் விட்டுப் பூக்கிறது.

"கவாத்துப் பண்ணி நாலு மாசத்துல பழம் தம்பி. நான் இன்னைக்கு வெட்டுறேன், பக்கத்துத் தோட்டத்துல இன்னைக்குக் கவாத்து. அதான் எங்க ஊர்ல எப்ப வந்தாலும் பழம் இருக்கும்."

ஆண்டுக்கு இரண்டு அறுவடை சாதாரணம். நாள் பார்த்துக் கவாத்துச் செய்தால் இரண்டு ஆண்டில் ஐந்து எடுக்கலாம். ஆனால் ஓய்வில்லாத கொடிக்கு நோயும் ஓய்வு தராது. மழை பிடித்தால் செவட்டை வரும், இலை சருகாகும். பழுக்கிற நேரத்தில் மழை என்றால் பழம் வெடிக்கும். பந்தல் ஓரத்துத் தொட்டியில் நீலமாக ஏதோ கரைந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காதபடி அருவருப்பாகத் தெரியவேண்டும் என்று இந்தக் கலவையைத் தெளித்துவைத்தார்கள். தெளித்த கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார் மில்லார்தே என்ற பேராசிரியர். 1885இல் உலகத்துக்குச் சொன்னார். போர்டோவின் ஒயின் கம்பம் வீடுகளுக்கு வரவில்லை. திருட்டுக்குப் பயந்து தெளித்த மருந்து வந்துவிட்டது.

ஒயின் இங்கே ஏன் வளரவில்லை? இதே மஸ்கட் ஹாம்பர்க்கில் சீனாவின் தியான்ஜினில் ஒயின் செய்கிறார்கள். கலிபோர்னியாவில் இனிப்பான கறுப்பு மஸ்கட் ஒயின் செய்கிறார்கள். ஆக, பழத்தில் குற்றமில்லை. இந்தப் பள்ளத்தாக்கிலும் ஒயின் ஆலை வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். அந்தக் கடையில் பிராந்திக்கு நிற்கும் வரிசை ஒயினுக்கு நிற்பதில்லை. நாசிக்கில் அப்படியில்லை. 1999இல் தொடங்கிய சூலா ஒயின் நிறுவனம், ஆலையையே சுற்றுலா இடமாக்கியது. மகாராஷ்டிர அரசும் 2001இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. கம்பத்துப் பழம் பெரும்பாலும் பழமாகவே லாரி ஏறி, குமுளி வழியாகக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் போகிறது.

விவசாயிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பழம் நிற்காது. தோல் மெல்லியது, சாறு அதிகம். பறித்த சில நாளில் காம்பு விட்டு உதிரும். வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். "விலை இல்லேன்னு கொடியில விட்டு வைக்க முடியாது. அது பாட்டுக்கு விழுந்துரும்" என்றார் அவர். பழமாக நிற்காததைப் புட்டியில் நிறுத்துவதற்குத்தான் மற்ற நாடுகள் ஒயினைக் கண்டுபிடித்தன என்றுகூடச் சொல்லலாம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தாயிற்று. விலைக்குக் காவல் வர, சாறோ உலர்பழமோ ஒயினோ ஏதாவது ஒன்றாக அது மாறியாக வேண்டும்.

செந்தூல் பசாரில் நாம் வாங்கும் ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கத் திராட்சைகள் பயணத்துக்கென்றே தேர்ந்தவை: விதையில்லை, கெட்டித்தோல், வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் கிடந்தாலும் அசையாது. மணமும் இராது. கறுப்புப் பன்னீர் கடல் தாண்டாது. தின்ன வேண்டுமென்றால் நாம்தான் போகவேண்டும்.

போகிறவர்களுக்கு: கம்பத்தில் தங்கிக்கொண்டு காலையில் சுருளிப்பட்டிப் பக்கம் போங்கள், வெயில் ஏறுவதற்குள் வெட்டு முடிந்துவிடும். மழைக்காலம் வேண்டாம். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. விதையில்லாதது வேண்டுமென்றால் ஓடைப்பட்டிக்குப் போகலாம், ஆனால் அதற்கு நம் பசாரே போதும்.

அடுத்த வாரம் லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குமுளிக்குப் போகிறோம். அங்கே ஏலக்காய் காத்திருக்கிறது.